ஒரு துப்பாக்கி, ஊரெல்லாம் வக்கீல்

எங்கள் ஊரில் துப்பாக்கி என்று இருந்தது ஒன்றே ஒன்று. துப்பாக்கிச் சட்டம் தெரிந்தவர்கள் மட்டும் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை பக்கத்தில் நிற்கிற, ராத்திரியானால் கடலைக்காட்டில் பன்றி இறங்குகிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் ஒரு பெரிய வீடு இருந்திருக்கும், அதன் உள்ளறையில் ஒரு இரட்டைக்குழல் இருந்திருக்கும், அதை வைத்திருப்பவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும்.

பெரிய வீட்டு அய்யா சனிக்கிழமை காலையில் அதைத் திண்ணைக்குக் கொண்டுவருவார். நடுவில் மடித்து, குழல் இரண்டையும் கழற்றி, பழைய வேட்டித்துணியை எண்ணெயில் நனைத்துக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுப்பார். துணி முதல் தடவை கறுப்பாக வரும், பிறகு சாம்பலாக, பிறகு போன நிறத்திலேயே திரும்பி வரும். அதன் பின் குழலைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நாங்கள் கெஞ்சிக் கூத்தாடினால் எங்களுக்கும் காட்டுவார். உள்ளே வழவழவென்று வெள்ளிச் சுவர், அந்தக் கடைசியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வானம். காலித் தோட்டா கிடைத்தவன் அன்றைக்கு ராஜா. சிவப்பு அட்டைக் குழாய், அடியில் பித்தளைத் தொப்பி, மூக்கில் வைத்தால் தீபாவளி முடிந்த மறுநாள் தெருவின் வாசனை, உதட்டில் வைத்து ஊதினால் கப்பல் சங்கு. கப்பலை யார் பார்த்தது? சங்கு அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்திருந்தோம்.

தீபாவளிக்கு எங்களுக்கென்று தனி ஆயுதக் கிடங்கு இருந்தது. தகரத் துப்பாக்கி, அதில் சொருகும் சுருள் கேப்பு, சுருள் சிக்கிக்கொண்டால் உருவியெடுத்துக் கல்லில் வைத்துத் தட்டும் இரண்டாம்கட்டப் போர். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி விளக்கு மின்னி, இசையெழுப்பி, நீர் பீய்ச்சி, என்னென்னவோ செய்கிறது. அந்த வாசனை மட்டும் வருவதில்லை. முன்னேற்றத்தில் இப்படிச் சில்லறை பாக்கிகள் உண்டு, கேட்டு வாங்க முடியாது.

ஊரின் ஆயுதச் சட்ட நிபுணர் பட்டாளத்துச் சித்தப்பா. பட்டாளத்தில் அவருக்கு வேலை தையல். சட்டைக்குக் காஜா எடுத்தே காலம் தள்ளிவிட்டு வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். அதனால் அவருடைய அதிகாரம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. டீக்கடை பெஞ்சில் தினத்தந்தி இரண்டாம் பக்கத்தை மடியில் விரித்துக்கொண்டு அவர் சொல்லிக்கொடுத்த சட்டங்களில் தலையாயது வாசற்படிச் சட்டம். திருடன் வாசற்படிக்கு வெளியே நின்றால் சுடக்கூடாது. கால் வைத்து உள்ளே வந்துவிட்டால் சுடலாம், கேஸே கிடையாது.

"வெளிய வச்சுச் சுட்டுட்டா என்ன சித்தப்பா செய்யறது?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"இழுத்து உள்ள போட்ருல. போலீஸ் வந்து பாக்கும்போது பிணம் எங்க கிடக்குதுங்கறதுதான் கணக்கு."

இந்தச் சட்டத்தை நான் பள்ளிக்கூடத்தில் பரப்பினேன். எட்டாம் வகுப்பு முழுவதும், எவர் வீட்டிலும் துப்பாக்கி இல்லாமலேயே, பிணத்தை எந்த வழியாக இழுப்பது என்று திட்டம் போட்டு வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் வாசற்படி உயரம் என்பதால் எனக்குக் கவலைகூட இருந்தது.

பிறகு கல்லூரிக்குப் போய், வக்கீலுக்குப் படித்த அறைத்தோழன் ஒருவனின் தண்டனைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் வாசற்படி அதில் எங்குமே இல்லை என்று தெரிந்தது. 96 முதல் 106 வரை தற்காப்புப் பிரிவுகள். இரவில் வீடு உடைத்துப் புகுதல், கொள்ளை, வீட்டுக்குத் தீவைத்தல் போன்ற ஆபத்துகளில் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காப்பு உரிமை நீளும் என்று ஒரு பிரிவு சொல்கிறது. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் ஒரு இம்மியும் தீங்கு செய்யக்கூடாது, காவல்துறையிடம் போக அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்று 99-ஆவது பிரிவு அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஆபத்து எவ்வளவு, அதற்குப் பதில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிணத்தை இழுத்தவனுக்குத் தடயத்தை அழித்த வழக்கும் சேர்ந்து வரும். 2024 ஜூலையில் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, இதே சங்கதி 34 முதல் 44 வரையான பிரிவுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எண் மாறியதே தவிர வாசற்படி புதிதாக முளைக்கவில்லை. ஆனாலும் போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், நன்றாகப் படித்த ஒரு மனிதர், பக்கத்து இலைக்காரரிடம் பிணத்தை உள்ளே இழுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. சட்டம் அமலில்தான் இருக்கிறது.

சித்தப்பாவின் மற்ற சட்டங்கள் இவ்வளவு ரத்தக்களரியானவை அல்ல. பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு லைசென்ஸ் தானாகவே வீடு தேடி வரும் என்பார். உங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், தபாலில் எங்கோ நிற்கிறது என்பார். குடகு நாட்டில் பிறந்த குழந்தைக்குத் தொட்டிலிலேயே துப்பாக்கி மாட்டுவார்கள், எந்த அதிகாரியும் கேட்க முடியாது என்பார். குடகுக் கதையில் கொஞ்சம் நிஜம் உண்டு. குடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆயுத லைசென்ஸிலிருந்து விலக்கு இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆனால் அந்த விலக்குக்கும் மாவட்ட நிர்வாகத்திடம் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். இது சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தால் மிகவும் ரசித்திருப்பார்.

துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பல்கலைக்கழகம் சினிமாக் கொட்டகை. ஜெய்சங்கர் குதிரையில் வந்த, கர்ணன் இயக்கிய படங்கள், 'கங்கா', 'ஜக்கம்மா', இவற்றில் ஆறு தோட்டா போடும் ரிவால்வர் சளைக்காமல் பதினைந்து தடவை சுட்டது. எண்ணிக்கொண்டிருந்தவனை நாங்கள் படம் பார்க்கத் தெரியாதவன் என்றோம். குண்டு பட்டவன் நாலடி பின்னால் பறந்து வைக்கோல்போரில் விழுந்தான். அவனைப் பறக்க வைக்கும் விசை, சுட்டவனையும் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும் என்று நியூட்டன் பாடம் நடத்திய வாத்தியாரே, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். வில்லனின் ரிவால்வரில் ஒரு சைலன்சர், சுட்டால் ஒரு செல்லத் தும்மல். ரிவால்வரில் தோட்டா இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி உண்டு, சத்தம் அந்த வழியாகத் தப்பிவிடும், பெரும்பாலான ரிவால்வர்களில் சைலன்சர் மாட்டிப் பயனில்லை என்பதும், மாட்டக்கூடிய துப்பாக்கியிலும் காதைக் கிழிக்கிற 140 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையில் ஏதோ 20, 30 குறையும், மற்றபடி பக்கத்து அறைக்காரன் எழுந்து உட்காரத்தான் செய்வான் என்பதும் பிற்பாடு வந்த ஞானம். அந்தத் தும்மல் எவ்வளவு அழகாக இருந்தது! உண்மையான சத்தத்தை வைத்துப் படம் எடுத்திருந்தால் வில்லன்களுக்கு ஒரு நாகரிகமே இருந்திருக்காது.

நிஜத் துப்பாக்கி ஒன்று நிஜமாகவே வெடித்தபோது ஊர் என்ன செய்தது என்பதை எனக்குப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். அப்போது நான் சிறு பிள்ளை. 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், எம்.ஆர். ராதாவும் குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்கள் ஊருக்குச் செய்தி வருவதற்குள் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டனவாம். அது படப்பிடிப்புத் துப்பாக்கி, அரக்கு குண்டு என்றது ஒரு கட்சி. குண்டு பட்டது டூப்புக்கு என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சி எதுவும் சொல்லாமல் அழுதது. கழுத்தில் கட்டோடு கைகூப்பிய அந்தப் படம் தேர்தல் சுவரொட்டியாக வந்தபோது முதல் இரண்டு கட்சிகளும் கலைந்துவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். வழக்கில் ராதாவுக்குத் தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகும் பல வருஷம், முதலில் சுட்டது யார் என்று டீக்கடையில் மறுவிசாரணை நடந்துகொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வதந்திகளுக்கு முகம் இருந்தது. அரக்கு குண்டு என்று சொன்னவர் யார், அவர் எந்தத் தெரு, அவர் சொன்னதில் இதற்கு முன் எது பொய்த்தது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த நாள் அதே பெஞ்சில் அவர் உட்கார்ந்து, அதே டீயைக் குடித்து, கேலியையும் சேர்த்துக் குடிக்க வேண்டியிருந்தது.

தேர்தல் என்றதும் இன்னொரு காட்சி. தேதி அறிவித்துவிட்டால் பெரிய வீட்டுத் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும். மாட்டுவண்டியில், கான்வாஸ் உறைக்குள், வைக்கோல் மெத்தையில், பக்கத்தில் அய்யா, பின்னால் நாங்கள். கல்யாணப் பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் நடக்கிற சடங்குதான், ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்து, முடிவு வந்த பின் திரும்ப வாங்கி வருவதுதான். ஆனால் வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கவர்மெண்டு துப்பாக்கியைப் பறிமுதல் செய்துவிட்டது என்றும், அய்யா யாரையோ சுட்டுவிட்டார் என்றும், சுடப்பட்டவர் பக்கத்து ஊர்க்காரர் என்றும் செய்தி முந்திக்கொண்டு போயிருக்கும். சுடப்பட்டவரே ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு அந்த வீட்டில் பேரன். அவன் காரின் பின்சீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான், யாரும் பின்னால் ஓடுவதில்லை. லைசென்ஸுக்குத் தேசியத் தரவுத்தளத்தில் ஒரு தனி எண் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்றிருந்த புதுப்பித்தல் 2019 திருத்தத்தில் ஐந்து வருஷமாகிவிட்டது. அதே திருத்தம், 1983-இல் ஒரு ஆளுக்கு மூன்று என்று வைத்த உச்சவரம்பை இரண்டாகக் குறைத்தது. கல்யாணக் கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் என்றது. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, உட்கார்ந்து படித்தால் ஒரு மத்தியானம் ஆகும். பெரிய வீட்டு அய்யாவின் காலத்தில் ஆயுதச் சட்டத்தின் பிரதி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். அப்போது யாரும் படிக்கவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது.

இப்போது எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பட்டாளத்துச் சித்தப்பாவின் இடத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர். சில வருஷங்களுக்கு முன் அதில் ஒரு செய்தி வந்தது: பிரதமர் புதுச் சட்டம் போட்டுவிட்டார், 233-ஆவது பிரிவின்படி, மானபங்கம் செய்ய வருபவனைப் பெண் கொன்றாலும் குற்றமில்லை, உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும். அப்போதைய தண்டனைச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு கள்ள நாணயம் அடிக்கும் கருவி செய்பவனைப் பற்றியது. இதில் வேடிக்கை, அந்தச் செய்தி கொண்டாடிய தற்காப்பு உரிமை 1860-இலிருந்தே அந்தப் பழைய சட்டத்தின் 100-ஆவது பிரிவில் பெண்களுக்கு இருந்து வந்தது. தாக்குகிற நேரத்துக்கு மட்டும், ஆபத்து நீங்கிய பிறகு அல்ல. நூற்றைம்பது வருஷமாகக் கையில் இருந்த உரிமையைப் பற்றி யாரும் ஒரு வரி அனுப்பவில்லை, இல்லாத சட்டத்துக்கு மட்டும் பூங்கொத்தும் கைகூப்பும் வரிசையாக வந்து விழுந்தன.

அடுத்தது பன்றி. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு காட்டுப்பன்றிகள் பற்றி ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம், சுடுவது வனத்துறையின் ஆட்கள். எங்கள் குழுவுக்கு வந்து சேரும்போது கிலோமீட்டரும் போய், வனத்துறையும் போய், 'விவசாயிகள் இனி பன்றியைச் சுடலாம்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. எதால் சுடுவது என்று யாரும் கேட்கவில்லை. பழைய நாளில் பயிர்க்காவலுக்கென்று கரிமருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள் உண்டு, 1959 சட்டத்திலேயே அதற்குத் தனி இடம் இருக்கிறது. அந்தத் தலைமுறை போய்விட்டது. இப்போது பன்றிக்கு அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியை வைத்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறவர்கள்தான் மிச்சம்.

வெளிநாட்டு வதந்தியிலும் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. ஹூஸ்டனில் இருக்கும் என் மச்சினன் வரும்போதெல்லாம், அங்கே மளிகைக் கடையில் துப்பாக்கி விற்கிறார்களாமே என்று ஊர் கேட்கும். முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. பெரிய பலசரக்குக் கடைகளில் வேட்டைத் துப்பாக்கி விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் விற்குமுன் படிவம் நிரப்ப வைத்து, 1998-இலிருந்து இயங்கும் பின்னணிச் சோதனையை நடத்தியாக வேண்டும். தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் மத்திய சட்டத்தில் அந்தச் சோதனை கட்டாயமில்லை. மச்சினன் இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார். மச்சினனின் கஷ்டம் வேறு. அவருடைய ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரர், உங்கள் காந்தியே துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சொன்னவர்தானே என்று மேற்கோளை நீட்டுகிறாராம். காந்தி ஆயுதச் சட்டத்தைக் கடுமையாகத் திட்டியது உண்மை. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த அந்தச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் என்றும் வெள்ளைக்காரனுக்கு விலக்கு என்றும் வைத்தது. அதைத் திட்டாமல் என்ன செய்வார்? ஆனால் அவர் அதை எழுதியது 1918-இல், கேடா மாவட்டத்தில், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில். பட்டாளத்தில் சேருங்கள், அந்தச் சட்டம் போக வேண்டுமானால் இதுவே வழி என்று. ஆள் சேர்ப்பு அறிக்கை என்பதைக் கத்தரித்துவிட்டால் காந்தி டெக்ஸாஸ்காரராகிவிடுகிறார். பட்டாளத்துச் சித்தப்பாகூடக் காந்தியை விட்டுவைத்திருந்தார்.

இந்தத் தீபாவளிக்கு என் தம்பி மகன் ஏர்கன் வாங்கப்போவதாகச் சொன்னான். "லைசென்ஸே வேணாம் பெரியப்பா, கொக்கு, புறா எது வேணா அடிக்கலாம், குரூப்ல போட்டிருக்காங்க" என்றான். என் எட்டாம் வகுப்பு உற்சாகம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. உட்கார வைத்து நிதானமாகச் சொன்னேன். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் .177 அங்குலத்துக்குள்ளும், குண்டின் வேகசக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால்தான் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை; எதில் சுட்டாலும் கொக்கைச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டம் வந்து நிற்கும். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். குரூப்பிலும் போட்டுவிடுகிறேன் பெரியப்பா, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்து கட்டைவிரலால் தட்டினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ராஜபாளையத்திலிருந்து என் சம்பந்தி போன் செய்தார். ஓய்வுபெற்ற ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் அனுப்பியதாம், அவருடைய நடைப்பயிற்சிக் குழுவில் வந்ததாம்.

"அண்ணாச்சி, விஷயம் தெரியுமா? ஜூலை 20-ஆந்தேதியோட ஏர்கன் விக்கிறத நிப்பாட்டப் போறாங்களாம். உங்க தம்பி பையன் கேட்டுக்கிட்டிருந்தானே, அதுக்குள்ள ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிப் போட்ரச் சொல்லுங்க."